ஒரு பாவும் அறுபடாத தெரு

வெள்ளம் என்றால் வாசல் வழியாக வரும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். டிவியிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். உறையூரில் எங்கள் தெருவுக்கு அது நடுவீட்டிலிருந்து வந்தது. தறிக்குழிக்குள்ளிருந்து ஊறி மேலே வந்தது.

குழித்தறியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நெய்கிறவர் தரைமட்டத்தில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் தொங்கவிட்டுக்கொள்வார். குழிக்குள் மிதிக்கட்டைகள் இருக்கும். அவற்றை மாற்றி மாற்றி மிதித்தால் பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரியும், நடுவில் குறுக்கு நூலோடு நாடா ஓடும். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றிய நூல்; முன்னும் பின்னும் இரண்டு உருட்டுக் கட்டைகளில் சுற்றியிருக்கும். ஒரு பாவில் பல புடவைக்கான நீளம் இருக்கும். எங்கள் வீட்டில் கூடத்தின் பாதி தறி, மீதிப் பாதியில் நாங்கள். கல்யாணமாகி வந்த புதிதில், இந்த வீட்டில் மூத்த மருமகள் தறிதான், நான் அதற்கு அப்புறம்தான் என்று என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா சிரித்தாள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மழைக்காலத்தில் குழியில் ஈரம் கசிவது வருஷா வருஷம் உள்ளதுதான். சொம்பால் மொண்டு ஊற்றிவிட்டு, பழைய சாக்கை மடித்துப் போட்டு நெய்துகொண்டே இருப்பார்கள். அந்த வருஷம் ஐப்பசி மழை விடவே இல்லை. மணப்பாறைப் பக்கம் பெய்ததெல்லாம் ஆற்றோடு இறங்கி எங்கள் பக்கம் வந்தது. அது குடமுருட்டி வழியாகக் காவிரியில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். காவிரியோ ஏற்கெனவே கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தது. சேர இடமில்லாத தண்ணீர் அப்படியே பின்வாங்கி உறையூருக்குள் திரும்பியது.

அன்று காலையில் திருச்சியே காவிரிப் பாலத்தில் நின்றது. குழந்தையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு, கைப்பிடிச்சுவரில் சாய்ந்து, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. ஸ்ரீரங்கத்தில் படித்துறைப் பக்கம் போகவிடாமல் போலீஸ் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றே பூவை எறிந்தார்களாம். காட்டூரில் கட்டிக்கொடுத்திருக்கிற என் மகள் போன் செய்தாள்.

"அம்மா, காவிரி ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டுப் போவுதாம்மா. நாங்க பாக்கப் போறோம். நீயும் பாலத்துக்கு வந்துடேன்."

"நான் எதுக்கு வரணும்? அதான் வீட்டுக்கே வந்துருச்சே" என்றேன்.

அவள் முதலில் சிரித்தாள், அப்புறம்தான் புரிந்துகொண்டாள். உடனே ஆட்டோ பிடித்து இரண்டு பேரும் காட்டூருக்கு வந்துவிடச் சொன்னாள். அந்த நேரத்தில் குழிக்குள் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தது. கசிந்த ஈரம் தெளிவாக இருக்கும். இது கறுப்பாக, சாக்கடை நாற்றத்தோடு இருந்தது.

எங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. பல வருஷமாக இருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்து, கடைசியில் மிதிக்கட்டைமேல் கால் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துக்கொள்கிற அளவுக்கு வந்திருந்தது. அப்படியும் நெய்தார். பழகிய வேலை என்பதால் கால் தானாகப் போய் உட்கார்ந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவர் கால்ல முள்ளு குத்துனாக்கூட அவருக்குத் தெரியாது. நீங்கதான் தினமும் பாதத்தைத் திருப்பிப் பாக்கணும். வெறுங்கால்ல விடாதீங்க" என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து தினமும் பொழுது சாய்ந்ததும் அவர் கட்டிலில் காலை நீட்டுவார்; நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பாதத்தையும் துடைத்து, விரல் இடுக்கெல்லாம் பிரித்துப் பார்த்து எண்ணெய் தடவுவேன். அவர் கூச்சப்பட்டுக்கொண்டே, "பொண்ணு பாக்க வந்தப்பகூட என் மூஞ்சிய இப்படிப் பாக்கல நீ" என்பார். எனக்கு அந்தப் பாதங்கள் மனப்பாடம். எங்கே காய்ப்பு, எங்கே வெடிப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஆகையால் அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பார்த்ததும் எனக்குப் புடவை நினைவு வரவில்லை, நூல் நினைவு வரவில்லை. அந்தப் பாதங்கள்தான் நினைவு வந்தன. இவரை இதில் இறங்கவிடக்கூடாது, அவ்வளவுதான். நேராகப் போய்த் தையல் பெட்டியிலிருந்து என் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தேன்.

இங்கே எங்கள் தெரு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓடுகிற பாவை இடையில் அறுக்கமாட்டார்கள். ஒரே ஒரு காரணத்துக்குத்தான் அறுப்பார்கள்: வீட்டில் சாவு விழுந்தால். பிணத்தை வெளியே எடுப்பதற்கு முன்னால், வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் தறியில் இருக்கிற பாவைக் குறுக்கே அறுத்துவிடுவார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, அறுத்த இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைத்து மறுபடி நெசவைத் தொடங்குவார்கள். கவனித்துக்கொள்ளுங்கள், பிணைத்துத் தொடங்குவார்கள். அறுத்தால் பாவு அழிந்துபோவதில்லை. வேலை கொஞ்சம் கூடும், கழுத்து வலிக்கும், அவ்வளவே. நான் பிறந்த வீடும் தறி வீடுதான். பிணைக்க எனக்குத் தெரியும்.

அவர் தறிக்குப் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏங்க, அறுத்துடலாங்க" என்றேன். "அறுத்துட்டு ரெண்டு உருட்டையும் தூக்கிப் பரண்ல போட்டுட்டு நாம காட்டூர் போயிடுவோம். தண்ணி வடிஞ்சதும் நானே உக்காந்து பிணைச்சுத் தர்றேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. விஷத்தைக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டியதுபோல் பார்த்தார்.

"நான் உசுரோட நிக்கிறேன். என் கண்ணு முன்னாடியே அறுக்கப் போறியா?"

"நீங்க உசுரோட இருக்கணும்னுதான் அறுக்கச் சொல்றேன்."

அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து என் மூத்தார் வந்துவிட்டார். எங்கள் வீட்டுக்காரருக்கு அண்ணன். தெருவில் பெரிய மனிதர். எந்தப் பேச்சும் அவரிடம்தான் வந்து முடியும். என் கையைப் பார்த்தார். ஒன்றும் சத்தம் போடவில்லை. கத்திரிக்கோலை என் விரலிலிருந்து மெதுவாக உருவி, தன் இடுப்பில் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"நல்ல நாளும் அதுவுமா எதைம்மா கையில எடுத்துக்கிட்டு நிக்கிற? தெருவுல ஒரு பாவும் அறுபடாது. எல்லாத் தறியையும் முழுசாத் தூக்கறோம். ஆளு இருக்கு" என்றார்.

நல்ல நாளாம். வீட்டுக்குள் சாக்கடை ஏறிக்கொண்டிருந்தது.

முழுசாகத் தூக்குவது என்றால் என்ன என்று சொல்கிறேன். முன் உருட்டு, பின் உருட்டு, நடுவில் இழைகள் கோத்திருக்கிற அச்சு, விழுது எல்லாவற்றையும் இழை தளராமல், விறைப்பாக ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். பக்கத்துக்கு இரண்டு பேராக, பாடை தூக்குகிற மாதிரி. தூக்கி, தொட்டில் கட்டுகிற கொக்கிகளில் கயிறு போட்டுக் கூரையோடு தொங்கவிட வேண்டும். அதற்கு முன்னால் குழிக்குள் இறங்கி, மிதிக்கட்டைகளை விழுதோடு கட்டியிருக்கிற கயிறுகளை அவிழ்க்க வேண்டும். அவையெல்லாம் தண்ணீருக்குள் இருந்தன. கண்ணுக்குத் தெரியாத முடிச்சுகளைக் கையாலும் காலாலும் தடவி அவிழ்க்க வேண்டும். முடிச்சு போடுவதிலும் அவிழ்ப்பதிலும் தெருவில் எங்கள் வீட்டுக்காரரை மிஞ்ச ஆளில்லை என்று பெயர். ஆகவே எங்கள் குழியில் மட்டுமல்ல, எல்லார் வீட்டுக் குழியிலும் அவர்தான் இறங்கினார்.

இறங்கினார் என்றால் வெறுங்காலோடு. தறிக்குழியில் செருப்போடு இறங்கக்கூடாது. அது லட்சுமி இருக்கிற இடம். அன்றைக்கு அந்த இடத்தில் லட்சுமியோடு என்னவெல்லாம் மிதந்தது என்று நான் எழுதப் போவதில்லை.

நான் அவருடைய ரப்பர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் பின்னாலேயே போனேன். ஒரு வீட்டிலிருந்து ஏறி வந்ததும் போட்டுவிடுவேன். அடுத்த வீட்டு நிலைப்படியில் கழற்றிவிட்டு உள்ளே போவார். மறுபடி எடுத்துக்கொள்வேன். தெருவிலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது. போட்ட செருப்பு காலோடு நிற்காமல் மிதந்து வந்தது. ஒரு வீட்டில் எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டேன்: "செருப்போட இறங்குனா சாமி கண்ணக் குத்திடுமா?" மூத்தார், "பயத்துல பேசுது, விடுங்க" என்றார். பயத்தில்தான் பேசினேன். பயப்பட வேண்டியதற்குப் பயந்தவள் அந்தத் தெருவில் நான் ஒருத்திதான்.

பொழுது சாய்வதற்குள் எல்லாத் தறியும் கூரையில் தொங்கின. ஒரு இழை அறுபடவில்லை. ஆண்கள் நடுத்தெருவில் இடுப்புத் தண்ணீரில் நின்று ஒருவரை ஒருவர் தோளில் தட்டிக்கொடுத்தார்கள். எங்களை எல்லாம் ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய்த் தங்கவைத்தார்கள். மணமேடைக்குப் பக்கத்தில் ஒரு ஓரத்தில் பாயை விரித்து, அவரைப் படுக்கவைத்து, டியூப் லைட் வெளிச்சத்தில் நான் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

வலது குதிகாலுக்கு மேலே, உள்பக்கம், ஆழமாக ஒரு கிழிசல். மிதிக்கட்டையின் ஆணியோ, கண்ணாடிச் சில்லோ, தெரியாது. ரத்தமெல்லாம் தண்ணீரிலேயே போய், ஓரங்கள் வெளுத்து ஊறிப்போயிருந்தன. உள்ளே கறுப்பாகச் சேறு அப்பியிருந்தது.

"வலிக்கலியே" என்றார்.

வலித்தால் நன்றாக இருந்திருக்கும். வலித்திருந்தால் இரண்டாவது வீட்டோடு ஏறியிருப்பார்.

மண்டபத்துக்கு வந்த மருத்துவ முகாமில் காட்டினேன். கழுவி, கட்டுப் போட்டு, ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, ஈரம் படக்கூடாது, காலையில் முதல் வேலையாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொன்னார்கள். சரி என்று தலையாட்டினார். காலையில் தண்ணீர் வடிய ஆரம்பித்துவிட்டது. வடிந்ததும் ஆண்கள் எல்லாரும் வீட்டுக்கு ஓடினார்கள். தொங்குகிற பாவில் ஈரம் நின்றால் பூஞ்சை பிடித்துவிடும். கரி அடுப்பு மூட்டிக் காயவைக்க வேண்டும், தறியைக் கீழே இறக்க வேண்டும், மிதி கட்ட வேண்டும். மிதி கட்ட யார்?

"ரெண்டு நாளு. இறக்கிக் குடுத்துட்டு வந்துடறேன்" என்றார்.

"கால் யாருதுங்க? தெருவுதா?" என்றேன்.

"நாலு பேருக்கு ஒண்ணுன்னா போய் நிக்காம இருக்க முடியுமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். அந்த மனிதருக்கு அதற்கு முடியும் என்று ஒரு பதில் இருப்பதாகவே தெரியாது.

காலில் போட்டிருந்த கட்டுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு கிளம்பினார். குழிகளில் தண்ணீர் வடிந்து சேறு நின்றது. வீடு வீடாக உட்கார்ந்து மிதி கட்டினார். ஒவ்வொரு வீட்டிலும், "உங்களாலதான் எங்க பாவு தப்பிச்சுது" என்று சொல்லி காபி கொடுத்தார்கள். சர்க்கரை போட்ட காபி. மறுக்க மாட்டார். நான் ஒவ்வொரு நாளும் பையை அவிழ்த்துச் சேற்றைக் கழுவினேன். கிழிசலின் நிறம் மாறிக்கொண்டே வந்தது. எனக்குத் தெரிந்த பாதம் எனக்குத் தெரியாத பாதமாகிக்கொண்டிருந்தது. மகள் காட்டூரிலிருந்து வந்து அழுதாள், அப்பாவோடு சண்டை போட்டாள். அவளிடமும் அதே ரெண்டு நாள்தான்.

அந்த நாட்களில்தான் நிவாரணம் வந்தது. வந்தவர்களைக் குறை சொல்லவில்லை. மழையில் நனைந்துகொண்டு வந்தார்கள், முகம் பார்த்துப் பேசினார்கள். அரிசி, பிஸ்கட், மெழுகுவத்தி, மணப்பாறை முறுக்கு ஒரு பொட்டலம். கூடவே மூட்டை மூட்டையாகப் பழைய புடவைகள். எல்லாம் நைலான், பாலியெஸ்டர். பருத்திப் புடவை நெய்கிற தெருவில், வீட்டுக்கு ஒரு நைலான் புடவை என்று வரிசையில் நிறுத்திக் கொடுத்தார்கள். உடுத்தியிருந்தது தவிர எல்லாம் சேற்றில் போயிருந்ததால் நாங்களும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். எனக்குக் கிடைத்தது ஜிகினா வைத்த ஊதாப் புடவை. எங்கள் தலைக்குமேல் கூரையில் அசல் பருத்திப் பாவு ஒரு இழை சேதமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் நாங்கள் ஜிகினாவோடு நடமாடினோம்.

எங்களுடையது தவிர எல்லாத் தறியும் இறங்கிய பிறகு தெருமுனையில் ஒரு சாமியானா போட்டார்கள். பேசுவதற்கு யார் யாரோ வந்தார்கள். மைக்கைப் பிடித்த ஒருவர், இந்தத் தெருவில் ஒரு பாவுகூட அறுபடவில்லை, இதுதான் நம் பாரம்பரியம், இதுதான் ஒற்றுமை என்று தொண்டை கட்டுகிற அளவுக்குப் பேசினார். கை தட்டினார்கள். எங்கள் வீட்டுக்காரரை மேடைக்குக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தினார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டார், எழுந்திருக்க முடியவில்லை. முகம் சிவந்திருந்தது. பெருமை என்று நினைத்திருப்பார்கள். நான் பக்கத்தில் போய் நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. காலிலிருந்து வந்த வாடையை ஜனங்கள் வடிகால் வாடை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மேடையிலிருந்து நேராக ஆட்டோவில் ஏற்றினேன். பொன்னாடை தோளிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது. ஆனால் கேட்டார்.

"ஏம்மா, இத்தனை நாளா என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"மிதி கட்டிக்கிட்டு இருந்தாரு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. புரியவைக்கவும் எனக்குத் தெம்பில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆள் கிடைக்க மாட்டார் என்றார். காகிதத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். எங்கள் வீட்டுக்காரர் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டே, "எந்தக் காலு?" என்று கேட்டார். வலது என்றேன். "முதல் மிதி அதுலதான்" என்றார்.

அறுவை முடிந்த மறுநாள், வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்தபோது ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமி போன் செய்தார். தறியில் இருந்த பாவு அவருக்காக ஏற்றியது. மார்கழிக்கு உடுத்திக்கொள்ள, பெண்ணுக்கும் நாட்டுப்பெண்ணுக்கும் சேர்த்து ஒன்பது கஜம் கேட்டிருந்தார். கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். வருஷா வருஷம் எங்கள் தறிதான் வேண்டும் என்பார்கள்.

"ஏம்மா, உறையூர்லாம் ஜலம் வந்துடுத்தாமே. நம்ம புடவைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகலைங்க மாமி. ஒரு இழைகூட அறுபடல."

"எல்லாம் பெருமாள் அனுக்கிரகம். அவர் எப்படி இருக்கார்?"

சொன்னேன். "ரங்கா, ரங்கா" என்று இரண்டு தடவை சொன்னார். நாளைக்குச் சேவிக்கும்போது அவருக்காகப் பிரார்த்தனை பண்ணிக்கொள்கிறேன் என்றார். குரல் உடைந்திருந்தது, நடிப்பில்லை. கடைசியில் வைப்பதற்கு முன்னால், "மார்கழிக்கு முடியாட்டாலும் பரவால்லேம்மா. தைக்குள்ள கிடைச்சாப் போறும்" என்றார். நல்ல மனுஷி. நல்லவர்களுக்கும் புடவை வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு அழைத்து வந்தபோது கூடத்தில் தறி பழையபடி நின்றது. மூத்தாரும் தெரு ஆட்களும் சேர்ந்து சேற்றை வாரி, குழியைப் பூசி மெழுகி, பாவை இறக்கி விறைத்துக் கட்டிவைத்திருந்தார்கள். மஞ்சள் குங்குமம்கூட வைத்திருந்தார்கள். வெள்ளத்தன்று பாதி நெய்திருந்த புடவை அப்படியே அச்சுக்கு முன்னால் நின்றது. எங்கள் தறிக்கு மட்டும் மிதி கட்டவில்லை. கட்டுகிறவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். கட்டிலைப் போட வேறு இடமில்லாததால் தறிக்கு எதிரிலேயே போட்டேன்.

காலையில் கண் விழித்தால் அவருக்கு முன்னால் அதுதான். படுக்கப்போகும்போதும் அதுதான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் பாவைப் பார்த்து, "நல்லவேளை" என்றார்கள். அப்புறம் அவரைப் பார்த்தார்கள். மூத்தார் தினமும் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மீதியைத் தான் நெய்து தருவதாக ஒரு நாள் சொன்னார். தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மூத்தார் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பொழுது சாய்ந்தால் என் கை எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவிடும். இப்போதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவேன். ஒரு பாதம்தான். சீக்கிரம் முடிந்துவிடும். முதல் சில நாட்கள் இரண்டுக்கும் ஆகிற எண்ணெயை ஊற்றிவிட்டு, மீதியை என்ன செய்வது என்று தெரியாமல் என் கையிலேயே தடவிக்கொண்டேன்.

ஒரு நாள் மதியம். உலை வைத்து அரிசியைக் களைந்து போட்டுவிட்டு, கூடத்துக்கு வந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத அறுத்துடு" என்றார்.

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது.

"சாவு விழுந்தாத்தான அறுக்கணும்னாங்க உங்க தெருவுல. இப்ப எதுக்கு?"

அவர் போர்வையை விலக்கி, முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாத இடத்தைக் காட்டினார்.

"விழுந்துருச்சுல்ல" என்றார்.

நான் வெளியே இறங்கி அடுத்த வீட்டுக்குப் போனேன். மூத்தார் தன் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். என் நிழல் விழுந்ததும் நாடாவை நிறுத்தினார்.

"மாமா, என் கத்திரிக்கோலக் குடுங்க" என்றேன்.

எதற்கு என்று கேட்கவில்லை. குழியிலிருந்து காலை எடுத்து மேலே வந்தார். இரண்டு காலும் முழுசாக, ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தேன், பார்த்தேன். சாமி மாடத்துக்குப் பின்னாலிருந்து கத்திரிக்கோலை எடுத்துக் கொடுத்தார். துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"நான் வந்து அறுக்கட்டாம்மா? ஆம்பளைதான் அறுக்கணும்" என்றார்.

"வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அச்சுக்குப் பின்னால் கையகலம் விட்டு, இடது கையால் இழைகளைக் கற்றையாகச் சேர்த்துப் பிடித்து வெட்டினேன். விறைப்பாகக் கட்டிய பாவு. வெட்டிய பக்கமெல்லாம் தளர்ந்து கீழே தொங்கியது. ஒரு கற்றை, அதற்கு அடுத்தது, அதற்கு அடுத்தது. புடவைக் கரைக்கான இழைகளுக்கு வந்தபோது நூல் நெருக்கமாக இருந்ததால் கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே கண் எடுக்காமல் பார்த்தார். பின் உருட்டைத் தனியாகக் கழற்றி, ஒற்றை ஆளாகவே தூக்கிப் பரணில் போட்டேன். அன்றைக்கு அவரிடம் சொன்னேனே, அதே பரணில்.

சமையல்கட்டுக்குப் போய் மூடியைத் திறந்து பார்த்தேன். அரிசி இன்னும் வேகவில்லை.